அறிக்கை உயிர் இருக்கும்போதே வரட்டும்

விஷச் சாராயம் குடித்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் போதையில் இருப்பதில்லை. குடித்தது முதல் நாள் இரவு. மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குக்கூடப் போயிருப்பார். பகலில் தலைவலி, வயிற்று வலி, வாந்தி என்று ஆரம்பிக்கிறது. மாலைக்குள் கண் மங்குகிறது. எதிரே வெள்ளைப் புகை மூட்டமாகத் தெரிகிறது என்கிறார். பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்த தருமபுரிக்காரராகவோ கள்ளக்குறிச்சிக்காரராகவோ அவர் இருந்தால், உடன் வருபவர் அதே வேலையிடத்தில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர்தான். சாராயம் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று அரைகுறைக் கன்னடத்தில் சொல்லிவைக்கிறார். டியூட்டி டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று எழுதி, ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றுகிறார்.

அந்த மனிதர் குடித்தது என்ன என்பதற்கு விடை அவருடைய ரத்தத்திலேயே இருக்கிறது. சில மில்லி ரத்தமும், வாயுக் குரோமட்டோகிராப் என்ற கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும். அந்தக் கருவி இந்த நகரத்தில் இல்லாமலில்லை. ஆனால் ஏழைத் தொழிலாளியின் ரத்தம் அந்தக் கருவியை எட்டுவது வழக்கமாக அவர் இறந்த பிறகே. இந்த முறை மாற வேண்டும்.

பெங்களூருக்கு இந்தத் துயரம் புதிதல்ல. 1981 ஜூலையில் இந்நகரில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2007-ல் கர்நாடகத்தில் சாராயக் கடைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு மே மாதத்திலேயே பெங்களூர், கோலார் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்து 150-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாநில எல்லை அந்த விஷத்தைத் தடுக்கவில்லை; செத்தவர்களில் இரு பக்கத்துக் கூலிக்காரர்களும் இருந்தார்கள். 2015 ஜூனில் மும்பை மால்வணியில் 100 பேருக்கு மேல். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் 65-க்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு தடவையும் விசாரணைக் கமிஷன், மாற்றல், சஸ்பெண்டு, நிவாரணத் தொகை. சட்டமும் கடுமையாகிக்கொண்டே வருகிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆயுள் தண்டனை வரைக்கும் திருத்தம் வந்தது. வேண்டியதுதான். ஆனால் சட்டம் விற்றவனைப் பற்றியது. குடித்துவிட்டுக் கண் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவனுக்கு அந்த இரவில் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

மெத்தனால் என்பது மெதைல் ஆல்கஹால். பெயிண்டு, தின்னர், வார்னிஷ், பிளைவுட் பசை ஆகியவற்றுக்கு வேண்டிய சரக்கு. குடிக்கும் சாராயத்தில் உள்ளது எதைல் ஆல்கஹால், அதாவது எத்தனால். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்போல் இருக்கும். மணமும் ஏறக்குறைய ஒன்றே. குடித்தவுடன் இரண்டும் மயக்கம் தரும். ஆனால் ஈரலுக்குள் போனதும் பாதை பிரிகிறது. எத்தனாலை ஈரல் சிதைத்துக் கடைசியில் வெளியேற்றிவிடும். மெத்தனாலை அதே ஈரல், அதே நொதியைக் கொண்டு முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்புக் கடியில் எரிச்சல் தருகிற அமிலம்தான் அது. அது உடம்பில் சேரச் சேர ரத்தம் புளிக்கிறது, கண் நரம்பு கெடுகிறது, மூச்சு வாங்குகிறது. 30 மில்லி மெத்தனால்கூட ஒரு ஆளைக் கொன்றுவிடக் கூடும்.

அமிலம் சேர்வதற்கு நேரம் பிடிக்கிறது. 12 மணி முதல் 24 மணி வரை ஆகலாம். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். "எல்லோரும் குடித்தோம், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் சொல்வதற்கு அர்த்தம் கிடையாது. அவருக்கு இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். காப்பாற்றுவதற்கு இருக்கும் நேரமும் அந்தச் சில மணிகள்தான். அதற்குள் ஈரலின் வேலையைத் தடுத்துவிட்டால் மெத்தனால் அமிலமாக மாறாது. பொமிபிசோல் என்ற ஊசி மருந்து அதைச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அது கிடைக்காத இடத்தில் டாக்டரின் மேற்பார்வையில், கணக்கிட்ட அளவில் எத்தனாலே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. ஈரல் எத்தனாலை முதலில் பிடித்துக்கொள்ளும், மெத்தனால் காத்திருக்கும். (இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரு குவார்ட்டர் ஊற்றிக் கொடுத்து வைத்தியம் செய்ய யாரும் கிளம்ப வேண்டாம். ரத்தத்தில் அளவு ஏறாமலும் இறங்காமலும் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய காரியம் அது.) தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியே எடுக்கலாம். ஆக, மருந்து இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு நேரம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கருவி.

குரோமட்டோகிராபி என்ற பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. சாக்பீஸின் அடிப்பக்கத்தில் கறுப்பு மைப் பொட்டு வைத்து, கொஞ்சம் தண்ணீரில் நிறுத்தினால் மை மேலே ஏறும்போது நீலம், சிவப்பு என்று பிரியும். ஒரே கறுப்பாகத் தெரிந்தது பல சாயங்களின் கலப்பு என்பது அப்போது புலப்படும். 1903-ல் மிகையில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர் வார்ஸா நகரில் விளக்கிக் கூறியது இதைப் போன்றதுதான். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, இலைச் சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. ஸ்வெட் என்ற ரஷ்யச் சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள்; பெயர்ப் பொருத்தம் அப்படி அமைந்துவிட்டது. தமிழ்ப் பாடப் புத்தகங்கள் இதை வண்ணப்பிரிகை என்கின்றன. பின்னால் இங்கிலாந்தில் கம்பளி ஆராய்ச்சியில் இருந்த மார்ட்டினும் சிஞ்சும் இந்த முறையை வெகுவாக வளர்த்து, 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள். திரவத்துக்குப் பதில் வாயுவைச் செலுத்திப் பிரிக்கும் முறையை மார்ட்டினும் ஜேம்ஸும் வெளியிட்டதும் அதே 1952-ல்தான்.

ரத்தத்தைச் சோதிக்கும் விதம் இது. சிறு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தத்தை விட்டு, காற்றுப் புகாமல் மூடி, மிதமாகச் சூடாக்குகிறார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தால் ஆவியாகிக் குப்பியின் மேல் பகுதியில் நிற்கும். அந்த ஆவியில் சிறிதளவை எடுத்துக் கருவிக்குள் விடுகிறார்கள். உள்ளே மெல்லிய குழாய் ஒன்று பல மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குழாயின் உட்சுவரில் ஒரு பூச்சு. ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயு ஆவியைத் தள்ளிக்கொண்டு போகிறது. எக்ஸ்பிரசும் பாசஞ்சரும் ஒரே நேரத்தில் புறப்பட்டாலும் ஒன்றாகப் போய்ச் சேருவதில்லை. பாசஞ்சர் வழியெல்லாம் நிற்கும். அதைப்போல ஒவ்வொரு பொருளும் பூச்சில் ஒட்டி ஒட்டி நகர்வதால் வெவ்வேறு நேரத்தில் மறுமுனைக்கு வருகிறது. மெத்தனால் முதலில் வரும், எத்தனால் பின்னால் வரும். மறுமுனையில் ஒரு சிறு சுடர். ஒவ்வொன்றும் அங்கே எரியும்போது காகிதத்தில் அல்லது திரையில் ஒரு மேடு எழும். எந்த நிமிஷத்தில் எழுந்தது என்பதைக் கொண்டு பொருளைச் சொல்லலாம். மேடு எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டு அளவைச் சொல்லலாம். 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் மெத்தனால் இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 50-ஐத் தாண்டினால் டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டும்.

ஊதிப் பார்க்கும் கருவியால் இது ஆகாது. சாதாரணமாகப் புழங்கும் அந்தக் கருவி ஆல்கஹால் உண்டா இல்லையா என்று காட்டும். எந்த ஆல்கஹால் என்று பிரித்துச் சொல்லாது.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. விஷத்தைச் சோதிக்க சென்னையில் ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849-லேயே ஏற்பட்டது. நாட்டில் அப்படி ஏற்பட்ட முதல் அலுவலகம் அது. அதன் வழிவந்ததுதான் மைலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறை. பெங்களூரில் மடிவாளாவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபடுபவரின் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை இந்தக் கருவியைக் கொண்டு அளந்து சொல்கிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். மனிதனைத் தண்டிப்பதற்கு அவன் உயிரோடிருக்கும்போதே ரத்தத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. அதே ரத்தம், அதே குப்பி, அதே கருவி. அவனைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அந்த வழி திறப்பதில்லை.

இப்போது நடப்பது என்ன? ஆள் இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை. வயிறு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை உப்புக் கரைசலில் போட்டு, முத்திரை வைத்து, போலீஸ் கடிதத்தோடு அனுப்புகிறார்கள். வரிசையில் காத்திருந்து அறிக்கை வர வாரங்களும் மாதங்களும் ஆவது வழக்கம். இந்தத் தாமதத்தில் சாட்சியமும் கெடுகிறது. சரியாகப் பாதுகாக்கப்படாத உடலில் கிருமிகளே எத்தனாலை உண்டாக்கிவிடும். இறந்தவர் குடித்திருந்தாரா இல்லையா என்பதே வழக்காடும் விஷயம் ஆகிவிடும். ஊரில் இருக்கும் மனைவிக்கு இந்தக் காகிதம் எதுவும் நேரே போவதில்லை. போனாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. முதலில் இறந்தவர்களின் சாவுக்குச் சாராயம் காரணம் என்று உறுதியாகவில்லை என மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. வயிற்றுப்போக்கு, வலிப்பு என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. சரக்கு விஷம் என்று உறுதியானபோது ஜிப்மருக்கும் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஆம்புலன்சுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முதல் நோயாளியின் ரத்தத்தை முதல் நாளே சோதித்து, "மெத்தனால்" என்ற ஒரே வார்த்தை தண்டோரா போடப்பட்டிருந்தால் அந்தத் தெருக்களில் எத்தனை பேர் டம்ளரைக் கீழே வைத்திருப்பார்கள்! முதல் நோயாளிக்கு வரும் அறிக்கை அவருக்கு மட்டும் உரியதல்ல. அதே கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்கப்பட்ட அத்தனை பேருக்கும் அது எச்சரிக்கை.

2012 செப்டம்பரில் ஐரோப்பாவின் செக் நாட்டிலும் இப்படி ஒரு விஷச் சாராயச் சாவு நேர்ந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்களின் ரத்தத்தில் மெத்தனால் அளந்து பார்க்கப்பட்டது. முதல் சாவுகள் தெரியவந்த சில நாட்களுக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களின் விற்பனையை அரசு நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. அங்கேயும் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஒரு தேசத்தின் கணக்கு. கருணாபுரத்தைச் சுற்றிய சில தெருக்களின் கணக்கே அதைத் தாண்டிவிட்டது.

இதற்கு ஆட்சேபம் சொல்வோர் உண்டு. ரத்தத்தின் புளிப்பைச் சோதித்தே மெத்தனாலைச் சந்தேகிக்கலாம், கருவிக்காகக் காத்திருந்தால் நோயாளி போய்விடுவார் என்று டாக்டர்கள் கூறுவார்கள். அது சரியான பேச்சு. கருவி இல்லாத காரணத்தால் எந்த டாக்டரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நேரம் கடந்து வந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் முழுவதும் அமிலமாக மாறி, கருவியில் மேடே எழாமல் போவதும் உண்டு. ஆகவே கருவி டாக்டருக்குப் பதிலாகிவிடாது. ஆனால் புளிப்பு பல நோய்களில் உண்டாகும். சர்க்கரை வியாதி முற்றினாலும் உண்டாகும். ஒரே இரவில் நூறு பேர் வந்து, இருபது பேருக்கு மட்டுமே டயாலிசிஸ் மெஷின் இருந்தால், யாருக்கு முதலில் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பயத்தில் வந்தவர் யார், விஷம் ஏறியவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

பணம் இல்லை என்ற சமாதானம் எடுபடாது. ஒரு விஷச் சாராயச் சம்பவத்துக்குப் பிறகு கொடுக்கப்படும் நிவாரணத்தின் கணக்கைப் பார்த்தாலே போதும். கள்ளக்குறிச்சியில் இறந்தவர் ஒருவருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கொடுத்தது நல்லது. அந்த மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதிக்கு வாயுக் குரோமட்டோகிராப் கருவி ஒன்றை வாங்கிவிடலாம். ஆஸ்பத்திரிகளுக்கு இந்த இனக் கருவிகள் அந்நியமும் அல்ல. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கிறார்களே, அதைப் பல ஆய்வுக்கூடங்களில் திரவக் குரோமட்டோகிராபி முறையில்தான் அளக்கிறார்கள். தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டைக் கர்ப்பிணிகளிடம் கண்டுபிடிப்பதும் அதே முறையில். மாதச் சம்பளக்காரரின் சர்க்கரைக்கு இருக்கும் வசதி, தினக்கூலியின் விஷத்துக்கு மட்டும் இல்லை.

எல்லா ஆஸ்பத்திரியிலும் கருவி வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பெங்களூரின் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்றிலாவது இரவு பகலாக இந்தச் சோதனை நடக்க வேண்டும். அதுவரைக்கும், சந்தேகத்துக்குரிய நோயாளியின் ரத்தத்தை டாக்டரின் கையெழுத்தோடு தடய அறிவியல் கூடத்துக்கு நேரே அனுப்பலாம் என்றும், போலீஸ் கடிதத்துக்காகவும் சாவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் கர்நாடக அரசு ஓர் உத்தரவு போடலாம். ஒசூர், ஆனேக்கல் பக்கத்தில் சம்பவம் நடந்தால் எந்த மாநிலத்தின் கூடத்துக்கு அனுப்புவது என்று அந்த நேரத்தில் விவாதிக்காமல் இரு அரசுகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். 2008-லேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

தொழிலாளர்களும் அவர்களை அழைத்துவரும் மேஸ்திரிகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குடித்த மறுநாள் கண் மங்கினால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரி. எப்போது, எங்கே, எவ்வளவு குடித்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிருக்கு முன்னால் மானம் பெரிதல்ல. மிச்சம் இருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கொட்டிவிடாமல் கட்டி எடுத்துப் போக வேண்டும். ரத்தம் சொல்லத் தயங்குவதைச் சரக்கு சொல்லிவிடும். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போக வேண்டும். படித்த குமாஸ்தாக்கள், தமிழ்ச் சங்கத்து இளைஞர்கள் யாராவது ஒருவர் மொழி பெயர்க்கக் கூடப் போனால் பாதி வேலை முடிந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஆல்கஹால் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது வழக்கம்போல் ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்தால் அந்த ஸ்பிரிட்டே ரத்தத்தில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடும். சோடியம் புளோரைடு போட்ட குழாயில் நிறைய ரத்தம் எடுத்து, இறுக மூடி, எடுத்த நேரத்தை மேலே எழுதி, குளிரில் வைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ டெண்டரோ வேண்டியதில்லை. இரவு டியூட்டியில் இருக்கும் நர்சுக்கு இதைச் சொல்லி வைப்பதை இந்த வாரமே செய்யலாம்.